எதிர்க்காற்றில் ஒரு பாய்ப்படகு

எகிப்து என்றதும் எல்லோருக்கும் பிரமிடுதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் மட்டும் எகிப்து என்றால் ஒரு பாய்ப்படகுதான். அந்தப் படகில் என் மாமியார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம்தான்!

2019-ம் வருடம், ஜனவரி மாதம். என்னவருக்குக் கெய்ரோவில் மூன்று வருட ஒப்பந்த வேலை முடியும் சமயம். "ஊர் திரும்புறதுக்குள்ள அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டிடணும்" என்று ஆசைப்பட்டு, டிக்கெட் எடுத்து அனுப்பி அத்தையை வரவழைத்தார். அத்தைக்கு அப்போது 66 வயது. ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்தான் அவர்கள் பிறந்த இடம். அவர்களுடைய அப்பா சொந்தமாக வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். ஆனால் எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில், அத்தை கடலைப் பற்றிப் பேசி நான் கேட்டதே கிடையாது. ராமேஸ்வரம் போனால்கூட எங்கள் பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிடுவார்கள். வயதானவர்களுக்கு ஈரம் ஆகாது போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டதில்லை.

போகக் காற்று, வரத் தண்ணீர்!

கெய்ரோவில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் ஆஸ்வானில் இறங்கலாம். சுமார் 900 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. நைல் நதி இங்கே பெரிய பெரிய பாறைகளுக்கும் தீவுகளுக்கும் நடுவே புகுந்து வருகிறது. ஒரு கரையில் ஊர், கடைத்தெரு, பேரீச்ச மரங்கள். எதிர்க்கரையிலோ மஞ்சள் மணல் மலை நேராகத் தண்ணீரில் வந்து இறங்குகிறது. நடுவில் நீலமாக நதி. மழை என்பதையே அபூர்வமாகப் பார்க்கும் ஊர் இது. ஜனவரியில் பகலில் இதமான வெயில். ராத்திரியில் கம்பளி வேண்டும்.

இந்த நதியில் ஓர் அதிசயம் உண்டு. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ, வருடத்தில் பெரும்பாலான நாட்களில் வடக்கிலிருந்து தெற்கே அடிக்கிறது. ஆகவே தெற்கே போக வேண்டுமானால் பாயை விரித்தால் போதும், காற்று கொண்டுபோய்விடும். வடக்கே திரும்ப வேண்டுமானால் பாயைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும். தண்ணீர் கொண்டுவந்து விடும். போகக் காற்று, வரத் தண்ணீர்! அந்தக் காலத்து எகிப்தியர்கள் தங்கள் சித்திர எழுத்தில் 'தெற்கே போவது' என்பதற்குப் பாய் விரித்த படகையும், 'வடக்கே போவது' என்பதற்குப் பாய் இல்லாத படகையும் போட்டிருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

இன்றும் ஆஸ்வானில் 'பெலுக்கா' என்ற பாய்ப்படகுகள் ஓடுகின்றன. அகலமான, தாழ்வான படகு. நடுவில் ஒரு பாய்மரம். அதன் மேல் சாய்வாக நீண்ட ஒரு கழி. அந்தக் கழியிலிருந்து முக்கோணமாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பாய். தூரத்திலிருந்து பார்த்தால் கொக்கு ஒற்றைச் சிறகை மட்டும் விரித்த மாதிரி இருக்கும்.

மூன்றாம் நாள் பிற்பகலில் ஒரு பெலுக்காவைப் பேசி முடித்தார் என்னவர். படகோட்டிக்கு அறுபது வயது இருக்கும். கறுத்து மெலிந்த உருவம், வெள்ளைத் தலைப்பாகை. படகுத் தலைவரை அங்கே 'ரயிஸ்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். கூட ஒத்தாசைக்கு ஒரு பையன்.

நாங்கள் நால்வரும் ஏறினோம். நான் விளிம்பில் காலை வைத்ததும் படகு ஒரு ஆட்டு ஆட்டியது பாருங்கள், உயிரே போய்விட்டது! அத்தை படித்துறையிலேயே நின்றார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

என் மகளுக்கு அப்போது 11 வயது. "அப்பத்தா, நீங்க வரலைன்னா நானும் வரலை" என்று இறங்கப் போனாள்.

அத்தை பதில் சொல்லவில்லை. அண்ணாந்து பாயையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "நம்ம ஊரு வள்ளத்துப் பாய் மாதிரியில்ல இருக்கு..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். விளிம்பை மிதிக்காமல், குனிந்து, படகின் நட்டநடுவில் காலை வைத்தார்கள். படகு அசையவே இல்லை. ரயிஸ் அதைக் கவனித்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்!

காற்றே இல்லையே, அம்மா!

பையன் பாயைத் தளர்த்திவிட்டான். வடக்குக் காற்று முதுகுப் பக்கமாக வந்து அதை நிரப்பியது. மோட்டார் சத்தம் இல்லை, புகை இல்லை. தண்ணீர் படகை உரசும் சலசலப்பு மட்டும்தான். எதிரோட்டத்தில் தெற்கே போய்க்கொண்டே இருக்கிறோம்.

"காற்றே இல்லையே அம்மா, படகு எப்படிப் போகுது?" என்றான் என் ஏழு வயது மகன். ஆமாம், கரையில் புடவையைப் பறக்கவைத்த காற்று படகில் காணாமல் போயிருந்தது.

"நாமளும் காத்தோடயே போறோம்ல ராசா! அதான் மேல படலை" என்றார்கள் அத்தை.

கரையில் நுபியர்களின் வீடுகள் வந்தன. நீலம், மஞ்சள், வெள்ளை என்று சுவருக்குச் சுவர் வண்ணம். 1970-ல் கட்டி முடிந்த உயர் அணையின் தேக்கத்தில் தங்கள் பழைய ஊர்களைப் பறிகொடுத்த மக்கள் இவர்கள். செஹேல் என்ற தீவில் இறங்கினோம். பாறை பாறையாக ஏறிப் பார்த்தால் எல்லாவற்றிலும் பழைய எழுத்துக்கள். ஒரு பெரிய பாறையில், நைல் ஏழு வருடம் பொங்காமல் போய்ப் பஞ்சம் வந்த கதையை வெட்டி வைத்திருக்கிறார்கள். அணை வருவதற்கு முன் வருடா வருடம் வெள்ளம் வந்து வண்டலைப் போட்டால்தான் அங்கே விளைச்சல். நதி பொய்த்தால் அடுப்பு எரியாது. நமக்குத் தெரியாத கதையா?

அங்கே ஒரு வீட்டில் 'கர்கதே' கொடுத்தார்கள். நம் புளிச்சகீரைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் சிவப்புப் புல்லி இதழ்களைக் காயவைத்து, கொதிநீரில் போட்டுச் சர்க்கரை சேர்த்த பானம். சூடாகவும் குடிக்கலாம், ஆறவைத்தும் குடிக்கலாம். புளிப்பும் இனிப்புமாக, வெயிலுக்கு அமிர்தம்!

எதிரே அடிக்கிற காற்றில் எப்படிப் போவது?

நாலு மணிக்குத் திரும்பினோம். இப்போது போக வேண்டியது வடக்கே. காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. ரயிஸ் பாயைச் சுருட்டிவிட்டு, நதியின் போக்கில் விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தோம். அப்படிப் போனால் இருட்டிவிடும் என்று ஜாடை காட்டிவிட்டு, பாயை இழுத்து இறுக்கினார். படகின் நடுவிலிருந்த ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினான் பையன். படகு நேரே போகாமல் மணல் மலைக் கரையைப் பார்த்துச் சாய்வாகப் பாய்ந்தது. அங்கே கிட்டப் போனதும் சட்டென்று திரும்பி, ஊர்க்கரையைப் பார்த்துச் சாய்வாகப் பாய்ந்தது. இப்படி மாற்றி மாற்றி.

"எதிர்த்தாப்புல அடிக்கிற காற்று நம்மளைப் பின்னாலதானே தள்ளணும்? முன்னால எப்படிப் போறோம்?" என்று மகள் கேட்டாள். நான் பட்டதாரி, திருதிருவென்று விழித்தேன். அத்தைதான் பாடம் எடுத்தார்கள்.

முந்தானையின் ஒரு முனையை மகள் கையில் கொடுத்து, மறுமுனையைத் தாங்கள் பிடித்துக்கொண்டு காற்றில் சாய்த்துக் காட்டினார்கள். துணி புடைத்துக்கொண்டது. "பாத்தியா? காத்து இதுல மோதி அப்படியே நின்னுடல. வளைஞ்சு பின்னால போகுது. காத்தைப் பாய் பின்னால திருப்பி விடுதுல்ல, அதனால காத்து பாயை முன்னாலயும் பக்கவாட்டுலயும் தள்ளும்."

"அப்ப படகு பக்கவாட்டுலயும் போகணுமே?"

"அதுக்குத்தான் அடியில பலகை. தண்ணிக்குள்ள செங்குத்தா நிக்குதுல்ல, அது பக்கவாட்டுல நகரவிடாது. மேல காத்து நெருக்குது, கீழ தண்ணி நெருக்குது. நடுவுல மாட்டுன படகு எங்க போகும்? ஊறவச்ச மொச்சையை ரெண்டு விரலால பிதுக்குனா பருப்பு எப்படி முன்னால துள்ளுது? அந்த மாதிரிதான்."

பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்கிற நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? மேலே காற்று மட்டும் இருந்து கீழே பலகை இல்லாவிட்டால், படகு சும்மா ஒதுங்கிக்கொண்டேதான் போகும்.

ஆனால் நேர் எதிரே மட்டும் எந்தப் பாய்ப்படகாலும் போக முடியாது. காற்றுக்கு நேராக மூக்கை வைத்தால் பாய் கொடியில் போட்ட துணி மாதிரி படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். ஏறக்குறைய அரைச் செங்கோணமாவது விலகித்தான் போக வேண்டும். அதனால்தான் இந்த வளைசல். கொடைக்கானல் மலைக்குப் பஸ் நேராகவா ஏறுகிறது? இப்படிப் போய் அப்படித் திரும்பி, அப்படிப் போய் இப்படித் திரும்பித்தானே ஏறுகிறது! தூரம் கூடத்தான்; ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம். படகு இப்படி வளைந்து ஏறும்போது கீழே நதியும் எங்களை வடக்கே நகர்த்திக்கொண்டிருந்தது.

அந்த முடிச்சு

இரண்டு தீவுகளுக்கு நடுவே வந்தபோது அது நடந்தது. அதுவரை பாறை மறைத்திருந்த காற்று, இடைவெளி கிடைத்ததும் குபீரென்று பாய்ந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தேநீர்க் கண்ணாடிகள் உருண்டன. தண்ணீர் விளிம்பைத் தொட்டுவிடும் போல வந்தது. மகன் அலறினான். இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, "கரைக்குப் போகச் சொல்லுங்க, கரைக்குப் போகச் சொல்லுங்க!" என்று நான் கத்தினேன். என்னவருக்கு நீச்சல் தெரியாது. பிள்ளைகளுக்கு மட்டும் மிதவைச் சட்டை போட்டிருந்தோம்.

அத்தை தண்ணீரைப் பார்க்கவில்லை. பாயின் கீழ்முனையிலிருந்து வந்த கயிற்றையே பார்த்தார்கள். அது ரயிஸுக்குப் பக்கத்தில் ஒரு மர முளையில் சுற்றிக் கட்டியிருந்தது. அத்தை எழுந்து, கையை ஊன்றித் தவழ்ந்து, சுக்கான் பக்கம் போனார்கள். முடிச்சைக் காட்டி, "கட்டாதே! கட்டாதேப்பா! அவுத்து விடு!" என்று தமிழிலேயே சொன்னார்கள்.

ரயிஸுக்கு ஒரு வார்த்தையும் விளங்கியிருக்காது. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. கயிற்றின் வாலைப் பிடித்து ஒரே இழுப்பு! முடிச்சு உருவிக்கொண்டு விட்டது. பாய் காற்றைக் கொட்டிவிட்டுப் படபடத்தது; படகு நிமிர்ந்தது. எல்லாம் மூச்சு விடுகிற நேரத்துக்குள்.

பிறகு அந்தப் பெரியவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. அத்தை பார்க்கும்படியாகக் கயிற்றை மெதுவாக மறுபடியும் முளையில் சுற்றினார். ஒரு இழுப்பில் அவிழ்த்துக் காட்டினார். மறுபடி சுற்றினார், அவிழ்த்தார். மூன்றாம் தடவை சுற்றிவிட்டு, கயிற்றின் வாலை அத்தையின் கையில் கொடுத்தார். பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டார்.

அத்தை அங்கேயே உட்கார்ந்தார்கள். எங்களைப் பார்க்காமல், பாயைப் பார்த்தபடியே பேசினார்கள்.

"எனக்குப் பதிமூணு வயசு. எங்க அண்ணனுக்குப் பத்தொம்பது. கச்சான் காத்து காலம். விடியக்காத்தால போனவன் வரலை. வள்ளத்தைக் கவுந்த மேனிக்குத்தான் இழுத்துட்டு வந்தாங்க. தாமானை இறுக்கிக் கட்டியிருந்துச்சுன்னு சொன்னாங்க. இந்தக் கயித்துக்குத்தான் எங்க ஊருல தாமான்னு பேரு. கையிலதான் புடிச்சிருக்கணும். கட்டுனாலும் ஒரே இழுப்புல அவுரணும். எங்கய்யா சொல்லிக்கிட்டேதான் இருப்பாக. சின்னப் பய... கை வலிச்சிருக்கும், கட்டிட்டான்."

படகில் யாரும் பேசவில்லை. அன்றோடு கடலைப் பக்கம் போவதை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஐம்பத்து மூன்று வருடம்! அதில் பதினான்கு வருடம் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் நானும் இருந்திருக்கிறேன்.

சூரியன் மணல் மலைக்குப் பின்னால் இறங்க இறங்கக் காற்றும் தணிந்தது. பாய் தொங்கிவிட்டது. பையன் துடுப்பை எடுத்தான். பாக்கித் தூரத்துக்குத் தண்ணீர்தான் எங்களைக் கொண்டுவந்தது. கரை வரும்வரை அத்தை கயிற்றை விடவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அத்தைக்கும்தான். வாடை, கச்சான், கொண்டல் என்று ஒவ்வொரு காற்றுக்கும் எந்தப் பக்கம் பாய் விரிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். படகு சாயாமல் இருக்கக் காற்றுப் பக்கமாக ஒரு நீளப் பலகையை வெளியே நீட்டி, அதன் மேல் ஆட்கள் போய் உட்காருவார்களாம். காற்று கூடினால் இன்னொரு ஆள் பலகையில் ஏறுவாராம். நான் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழ் எழுத்து பொறித்த பானை ஓடுகளும் அந்தக் கரையில் கிடைத்திருக்கின்றன. நம் பக்கத்து மிளகு பருவக்காற்றில் கடல் தாண்டி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, இந்த நைலில் படகேறித்தான் வடக்கே போயிருக்கிறது.

"எல்லாம் காத்துதான் தாயி" என்றார்கள் அத்தை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஆஸ்வானுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கோடையில் வெயில் 40 டிகிரிக்கு மேல் போகும், கைக்குழந்தைகளோடு வேண்டாம்.

படகு வாடகையை ஏறுவதற்கு முன்பே, மணிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டை கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்! நாங்கள் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

படகு சாயும்போது பயந்து எழுந்து நிற்கக் கூடாது. உட்கார்ந்தபடியே உயர்ந்த பக்கத்துக்கு நகருங்கள். படகோட்டி கை காட்டும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள். பாய் பக்கம் மாறும்.

வெறும் வயிற்றிலும் ஏற வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். தலை சுற்றினால் கையிலிருக்கும் போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பாருங்கள். ஓர் இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

மூடி திறக்காத பாட்டில் தண்ணீரையே குடியுங்கள். தண்ணீரில் வெயில் எதிரொளிப்பதால் தொப்பி போட்டிருந்தாலும் முகம் கன்றும், துப்பட்டா உதவும். கரையோரம் தேங்கிய தண்ணீரில் பிள்ளைகளை இறக்கி விளையாட விடாதீர்கள். நத்தைகள் மூலம் பரவும் ஒருவகைப் புழு தோல் வழியாக உடம்பில் ஏறக்கூடும்.

இப்போது எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணிக்கொடியின் ஒரு முனையை என் மகள்தான் கட்டுகிறாள். அப்பத்தா சொல்லிக்கொடுத்த முடிச்சு. எவ்வளவு ஈரத்துணி போட்டாலும் தாங்குகிறது. மழை வந்தால் வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. கொடி கையோடு வந்துவிடுகிறது!